டேபிள் வலப்பக்கம் போனால் எக்ஸ் ப்ளஸ் என்று நினைத்திருந்தேன்

கோவை கணபதியில் நான்கு இயந்திரங்கள் கொண்ட சிறிய ஜாப் ஒர்க் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கண்ட்ரோலர் செத்துப்போன பழைய சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும்) மில்லிங் இயந்திரம் ஒன்றை 4,25,000 ரூபாய்க்கு வாங்கினேன். வார்ப்பும் ஸ்லைடுகளும் நன்றாக இருந்தன, பால் ஸ்க்ரூக்களில் ஆட்டம் அதிகமில்லை, டி.சி. சர்வோ மோட்டார்களும் அவற்றின் ட்ரைவ்களும் உயிரோடுதான் இருந்தன. புதிய கண்ட்ரோலர் வாங்கினால் அதன் விலை இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், லினக்ஸ்சிஎன்சி மென்பொருளையும் அதற்கான இன்டர்ஃபேஸ் கார்டையும் வைத்து நானே ரெட்ரோஃபிட், அதாவது பழைய இயந்திரத்துக்குப் புதிய கட்டுப்பாடு பொருத்தும் வேலை, செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கணினி, கார்டு, அச்சு எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணும் புதிய என்கோடர்கள், பேனல், வயரிங் எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாயும் ஏழு வாரமும் ஆயின. எர்த்திங், என்கோடர் இரைச்சல், சர்வோ ட்யூனிங் என்று நான் பயந்துகொண்டிருந்த வேலைகள் எல்லாம் ஓரளவு நல்லபடியாகவே முடிந்தன. என்னைக் கவிழ்த்தது, நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கடந்துபோன ஒரு விஷயம்: எந்தப் பக்கம் ப்ளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்பது.

தயாரிப்பாளர் முடித்து அனுப்பும் இயந்திரத்தில் இந்தக் கேள்வியே எழாது. திசைகளை எல்லாம் யாரோ ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருப்பார்கள், நாம் பட்டனை அழுத்தினால் போதும். ரெட்ரோஃபிட்டில் அந்தத் தீர்மானம் நம்முடையது. முதன்முதலாக மூன்று அச்சுகளும் நகர்ந்த அன்று இரவு எனக்கிருந்த சந்தோஷத்தில், கீபோர்டில் வலது அம்புக்குறியை அழுத்தினேன். டேபிள், அதாவது வெட்டப்படும் துண்டைப் பிடித்து வைக்கும் மேடை, இடப்பக்கம் போயிற்று. "மாறிக் கிடக்கிறது" என்று நானே சொல்லிக்கொண்டு, எக்ஸ் அச்சின் அமைப்பில் குறியை மாற்றினேன். பிறகு மேல் அம்புக்குறியை அழுத்தினேன். டேபிள் என் வயிற்றை நோக்கி வந்தது. அதையும் மாற்றினேன். இப்போது வலது அம்புக்கு டேபிள் வலப்பக்கமும், மேல் அம்புக்கு டேபிள் தூண் பக்கமும் போயின. இசட் மட்டும் முதலிலேயே சரியாக இருந்தது, ப்ளஸ் அழுத்தினால் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் மேலே ஏறியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். உண்மையில் சரியாக இருந்த இரண்டு அச்சுகளை என் கையாலேயே கெடுத்துவிட்டு வந்திருந்தேன்.

நான் அன்று அறிந்திருக்க வேண்டியது இதுதான். ப்ளஸ், மைனஸ் என்ற குறிகள் டேபிளுக்கு உரியவை அல்ல. ஜாப் (வெட்டப்படும் துண்டு) அசையாமல் நிற்கிறது, டூல்தான் (வெட்டும் கருவி) அதைச் சுற்றி நகர்கிறது என்ற கற்பனையில் டூலுக்குக் கொடுக்கப்பட்டவை. ஐஎஸ்ஓ 841 என்ற தரநிலை இதைத்தான் வரையறுக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர், எந்த இயந்திரத்தில் டேபிள் நகரும், எதில் ஸ்பிண்டில் நகரும் என்று கவலைப்படாமல் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒற்றைத் தூண் கொண்ட வெர்ட்டிகல் மில்லிங்கின் முன்னால் நிற்கும் நமக்கு, எக்ஸ் ப்ளஸ் என்றால் டூல் ஜாப்பின் மேல் வலப்பக்கம் போக வேண்டும். அங்கே நகர்வது டேபிள் என்பதால், டேபிள் இடப்பக்கம் போக வேண்டும். ஒய் ப்ளஸ் என்றால் டூல் நம்மைவிட்டு விலகித் தூணை நோக்கிப் போக வேண்டும். ஆகவே டேபிள் நம் பக்கம் வர வேண்டும். இசட் ப்ளஸ் என்றால் டூலுக்கும் ஜாப்புக்கும் இடையே தூரம் கூட வேண்டும். ஸ்பிண்டில் தலை நகரும் இயந்திரத்தில் தலை மேலே ஏறும். ஆனால் ‘நீ’ (knee) வகை இயந்திரத்தை, அதாவது டேபிளைத் தாங்கும் பகுதியே மேலும் கீழும் நகரும் இயந்திரத்தை மாற்றி, அந்த ‘நீ’யையே இசட் அச்சாக ஓட்டுகிறவர்களுக்கு, இசட் ப்ளஸ் என்பது ‘நீ’ கீழே இறங்குவது. இதில் குறி தவறினால், டூலைத் தூக்கச் சொல்லும் கட்டளைக்கு ஜாப் மேலேறி வந்து டூலில் இடிக்கும். தரநிலையிலேயே டூலின் நகர்வை எக்ஸ் என்றும், ஜாப்பின் நகர்வை எக்ஸின் வலது மேல் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டும் (X′) தனித்தனியே குறிக்கிறார்கள். அந்தச் சிறு கோட்டின் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதை நினைவில் வைக்க நான் கண்டுகொண்ட வழி, வைஸில் பிடித்திருக்கும் ஜாப்பின் மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருப்பதாக நினைப்பதுதான். டேபிள் நகர்வது எறும்புக்குத் தெரியாது. டூல் தன்னைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த எறும்பு சொல்வதுதான் திசை.

இரண்டு அச்சுகளும் சேர்ந்து மாறியிருந்ததால், தவறு உடனே வெளியே தெரியவில்லை. எக்ஸும் ஒய்யும் ஒருசேரத் தலைகீழானால், ஜாப் 180 டிகிரி திரும்பியபடி வெட்டப்படுமே தவிர, அதன் உருவம் கெடாது. வைஸிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தால் படத்தில் உள்ளதேதான் கையில் இருக்கும். ஆனால் அறிகுறிகள் இருந்தன, நான்தான் பொருட்படுத்தவில்லை. படத்திலிருந்து வெட்டும் புரோகிராமை எழுதித் தரும் கேம் (CAM) மென்பொருளில் முன்பக்க இடது மூலையை சீரோவாக வைத்து எழுதிய முதல் புரோகிராமை ஓட்டியபோது, டூல் ஜாப்பைவிட்டு விலகிக் காற்றில் வெட்டிக்கொண்டு போயிற்று. உடனே நான் என்ன செய்தேன் என்றால், சீரோவைப் பின்பக்க வலது மூலைக்கு மாற்றிக்கொண்டேன். ஓரத்தைக் கண்டுபிடிக்கும் உருளையான எட்ஜ் ஃபைண்டரை ஜாப்பின் இடது பக்கத்தில் தொட்டால், அதன் 10 மி.மீ. விட்டத்தில் பாதியான 5-ஐ மைனஸ் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். என் இயந்திரத்தில் ப்ளஸ் போட்டால்தான் அளவு சரியாக வந்தது. அதற்காகப் பேனல் கதவில் சாக்பீஸால் "இடது ப்ளஸ் 5, வலது மைனஸ் 5" என்று எழுதியே வைத்திருந்தேன். மூன்று மாதம் அப்படியே ஓடியது. உங்கள் இயந்திரத்துக்கு மட்டும் இப்படி ஒரு தனிக் குறிப்பு எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது என்றால், அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

நான்காவது மாதம் வேறு பட்டறையிலிருந்து ஒரு தம்பி வேலைக்கு வந்தார். ஆறு வருடம் வி.எம்.சி. (வெர்ட்டிகல் மெஷினிங் சென்டர்) ஓட்டியவர். முதல் நாளே, "அண்ணா, ஒய் ப்ளஸ் அமுக்குனா டேபிள் நம்ம பக்கம் வரோணுமுங்க, இது அந்தப் பக்கம் போகுதுங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. எக்ஸைப் பற்றியும் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. அவருக்குப் பழகிய மாதிரி இருக்கட்டும் என்று, ஒய் அச்சை மட்டும் அன்று மதியம் மாற்றிக் கொடுத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த மிகப்பெரிய தவறு அதுதான். இரண்டு குறிகளும் தவறாக இருந்த வரை இயந்திரம் ஏதோ ஓர் ஒழுங்கில் இருந்தது. ஒன்றை மட்டும் திருத்தியபோது அது கண்ணாடி பிம்பமாக வெட்டும் இயந்திரமாகிவிட்டது. வலது கையின் கட்டைவிரல் எக்ஸ், சுட்டுவிரல் ஒய், நடுவிரல் இசட் என்று விரித்துப் பிடித்தால் வரும் அமைப்புதான் எல்லா கேம் மென்பொருளும் நம்பியிருக்கும் அமைப்பு. என் இயந்திரம் அன்று மதியத்திலிருந்து இடது கையாகிவிட்டது.

அடுத்து வந்த வேலை, வாடிக்கையாளரே 6061 அலுமினியம் கொடுத்து 46 ஹவுசிங் செய்யச் சொன்ன ஆர்டர். நடுக்கோட்டுக்கு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் ஜாப் என்பதால் பிம்பமாக வெட்டினாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நடுவில் ஒரு எம்30×1.5 த்ரெட் (30 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச் உள்ள மரை) மட்டும் உண்டு. அந்த அளவுக்கு மரை போடும் டேப் வாங்கி ஓட்டுவதைவிட, த்ரெட் மில் என்ற கட்டரைத் திருகுப் பாதையில் ஓட்டி ஹெலிக்கலாக வெட்டுவது நல்லது என்று அப்படியே செய்தோம். துளை 28.4 மி.மீ. என்று வெர்னியர் காட்டியது. மரைகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சோதிக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தேன், 1.5 அச்சாகப் பொருந்தியது. அந்த அளவுக்கு, உள்ளே திருகிப் பார்க்கும் ப்ளக் கேஜ் என்னிடம் இல்லை, ஒரு ஆர்டருக்காக வாங்கவும் மனம் வரவில்லை. இன்னொன்றும் நடந்தது. சுவர்களின் ஃபினிஷ் திடீரென்று மங்கலாக வந்தது, ஓரங்களில் பிசிறு அதிகமாக இருந்தது. எண்ட் மில் மழுங்கிவிட்டது என்று நினைத்து, 1,850 ரூபாய் வீதம் மூன்று புதிய கார்பைட் எண்ட் மில்களை அடுத்தடுத்து மாற்றிப் பார்த்தேன். மாற்றமே இல்லை. புரோகிராம் க்ளைம்பாக, அதாவது டூலின் பல் ஜாப் நகரும் திசையிலேயே வெட்டும்படி, எழுதப்பட்டிருந்தது. ஸ்பிண்டில் வழக்கம்போல வலச்சுற்றாகச் சுற்ற, பாதை மட்டும் பிம்பமாகிவிட்டதால் இயந்திரம் அதற்கு நேர்மாறாக, கன்வென்ஷனலாக வெட்டிக்கொண்டிருந்தது. ஜாப்பின் எந்தப் பக்கமாக டூல் சுற்றுகிறது என்று ஒரே ஒரு முறை கதவருகே நின்று பார்த்திருந்தால் போதும்.

46-ஐயும் அனுப்பிய மறுநாள் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்ஷனிலிருந்து அழைப்பு வந்தது. கேஜ் ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை என்றார்கள். த்ரெட் டைட்டாக இருக்கும், மறுபடி ஒரு பாஸ் ஓட்டிக் கொடுத்துவிடலாம் என்ற தைரியத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இன்ஸ்பெக்டர் ஒன்றும் பேசவில்லை. என் ஹவுசிங் ஒன்றையும், அதே அளவு த்ரெட் உள்ள அவர்களுடைய நட் ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டார்ச் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். இரண்டிலும் மரையின் சாய்வு எதிரெதிராக இருந்தது. "சார், லெஃப்ட் த்ரெட் போட்டிருக்கீங்க" என்றார். அந்த நொடியில் எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. காது மட்டும் சூடேறியது. பிட்ச் கேஜுக்கு இடமரை, வலமரை எதுவும் தெரியாது. வெர்னியருக்கும் தெரியாது. 46-உம் இடமரை. அந்தத் துளையைப் பெரிதாக்கவும் வழியில்லாததால் எல்லாம் ரிஜெக்ட். மெட்டீரியலுக்கும் தாமதத்துக்கும் சேர்த்து 61,400 ரூபாய்க்கு டெபிட் நோட் வந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான், ஆவாரம்பாளையம் சிக்னலில் நிற்கையில், ஒய்யை மட்டும் மாற்றிய அந்த மதியம் நினைவுக்கு வந்தது.

இப்படி ஓர் அச்சு மட்டும் மாறியிருக்கும் இயந்திரத்தில் எதெல்லாம் கெடும் என்று அன்றிரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வலச்சுற்றுக்கான ஜி2 கொடுத்தால் இடச்சுற்றுக்கான ஜி3 போலவும், ஜி3 கொடுத்தால் ஜி2 போலவும் வட்டம் போகும். டூலைப் பாதையின் இடப்பக்கம் வைக்க வேண்டிய ஜி41 அதை வலப்பக்கம் வைக்கும். எழுத்து செதுக்கினால் கண்ணாடியில் தெரிவதுபோல் வரும். ஆனால் துளை போடுவது, டேப் அடிப்பது, சதுரம் வெட்டுவது, வட்டப் பாக்கெட் எடுப்பது எல்லாம் குறையில்லாமல் நடக்கும். அதுதான் ஆபத்து. நம் ஊர் ஜாப் ஒர்க்கில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட சமச்சீரான துண்டுகள்தான் என்பதால், தவறு பல நாள் ஒளிந்தே இருக்க முடியும்.

இனி எக்ஸையும் மாற்றினால் தீர்ந்தது என்று மறுநாள் காலை அவசரமாக உட்கார்ந்தேன். இங்கே இரண்டாவது அடி விழுந்தது. என்னுடையது பத்து வோல்ட் அனலாக் சிக்னலில் ஓடும் சர்வோ. இதில் ஓர் அச்சுக்கு இரண்டு குறிகள் உண்டு: என்கோடர் எண்ணும் திசைக்கு ஒன்று, ட்ரைவுக்குப் போகும் வோல்டேஜின் திசைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து மாற்றினால் அச்சின் திசை மாறும். ஒன்றை மட்டும் மாற்றினால், பிழையை (அச்சு இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) குறைப்பதற்காக அனுப்பும் சிக்னல் பிழையைக் கூட்டும். கூடக் கூட இன்னும் வேகமாக ஓடும். முதல் தடவை திசைகளை மாற்றிய இரவில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றியிருந்தேன், ஒய்க்கும் அப்படியே. அன்று காலை தூக்கமில்லாத மண்டையோடு என்கோடர் ஸ்கேலின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மெஷின் ஆன் கொடுத்தேன். டேபிள் ஒரு முனைக்கு 40 மி.மீ. தள்ளி நின்றிருந்தது. எமர்ஜென்சி பட்டன் மேல் என் கை போவதற்குள் அது முனையில் போய் மோதி நின்றுவிட்டது. லிமிட் ஸ்விட்ச் தட்டியதுதான், ஆனால் அந்த வேகத்தில் அவ்வளவு கனம் உடனே நிற்காது. பிழை அளவு மீறினால் தானே நிறுத்தும் ஃபெரர் என்ற அமைப்பை, ட்யூனிங் சமயத்தில் தொல்லையாக இருக்கிறதென்று 50 மி.மீ. வரை தளர்த்தி வைத்திருந்தேன், திரும்பக் குறைக்க மறந்துவிட்டேன். மோட்டார் கப்ளிங் உடைந்தது. 6,200 ரூபாயும், சரியான அளவு கிடைக்க நான்கு நாளும் போயின. ஸ்க்ரூ வளையவில்லை என்பது என் அதிர்ஷ்டம். ஸ்டெப், டைரக்ஷன் பல்ஸில் ஓடும் ட்ரைவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே மோட்டாரின் லூப்பை ட்ரைவே பார்த்துக்கொள்வதால், ஸ்கேலின் முன் ஒரு மைனஸ் போட்டாலே திசை மாறிவிடும்.

அதன் பிறகு நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் ட்ரைவ்களுக்கு மின்சாரம் கொடுக்காமல், பால் ஸ்க்ரூவைக் கையால் சுற்றி டேபிளை இடப்பக்கம் நகர்த்துவேன். திரையில் எக்ஸ் எண் கூட வேண்டும். டேபிளை என் பக்கம் இழுத்தால் ஒய் எண் கூட வேண்டும். தலையை மேலே ஏற்றினால் இசட் எண் கூட வேண்டும். என்கோடர்களின் குறி இப்படி முடிந்த பிறகுதான் வோல்டேஜின் குறிக்கு வருவேன். அதற்கு டேபிளை நடுவில் நிறுத்தி, ஃபெரரை 1 மி.மீ.க்குக் குறைத்து, ஒரு கையை எமர்ஜென்சி பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு ஆன் செய்வேன். குறி தவறாக இருந்தால் ஒரு சின்ன உதறலோடு நின்றுவிடும், அவ்வளவுதான். பின்னர் ஹோமிங், அதாவது இயந்திரம் தன் தொடக்கப் புள்ளியைத் தேடிப் பிடிப்பது. திசையை மாற்றினால் ஹோம் ஸ்விட்சைத் தேடும் வேகத்தின் குறியையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்விட்ச் ஒரு மூலையில் இருக்க இயந்திரம் எதிர்மூலையில் தேடிப் போகும். மென்பொருளில் வைக்கும் எல்லையான சாஃப்ட் லிமிட்டின் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களும் இடம் மாறும். ஜாப்பின் சீரோ எங்கே என்று குறித்து வைத்த பழைய ஜி54 மதிப்புகள் எதற்கும் உதவா. முன்பு அதே இயந்திரத்தில் வெட்டிய, ஜாப்பைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர்களை 180 டிகிரி திருப்பிப் பூட்ட வேண்டியிருந்தது, அதற்கே ஒரு நாள் ஆயிற்று.

எல்லாம் முடிந்ததும் ஒரு வீணான அலுமினியத் தகட்டில் ஆங்கில எஃப் எழுத்தைக் கையால் எழுதிய ஆறேழு வரி புரோகிராமில் வெட்டிப் பார்ப்பேன். எஃப் என்பதற்குக் காரணம் உண்டு: அதைத் திருப்பினாலும், பிம்பமாக்கினாலும் பழைய எஃப்பாகத் தெரியாது. நிமிர்ந்து நேராக வந்தால் எல்லாம் சரி. தலைகீழாகச் சுற்றி வந்து, தகட்டைத் திருப்பினால் சரியாகப் படிக்க முடிந்தால், இரண்டு அச்சுகளும் மாறியிருக்கின்றன. எப்படித் திருப்பினாலும் படிக்க முடியாவிட்டால் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. குச்சிகள் இடப்பக்கம் நீட்டியிருந்தால் எக்ஸ், மேல் குச்சி கீழே இருந்தால் ஒய். பத்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால், டெபிட் நோட்டும் எண்ட் மில்லும் கப்ளிங்கும் சேர்ந்த 73,150 ரூபாயும், மொத்தமாக இயந்திரம் ஓடாமல் நின்ற பதினொரு நாளும் மிச்சமாகியிருக்கும். அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரைக் கொடுக்க எட்டு மாதம் ஆயிற்று. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சென்ற ஆண்டு அதே இயந்திரத்தில் ஒரு ரோட்டரி டேபிளை ஏ அச்சாகப் பூட்டினோம். எக்ஸைச் சுற்றிச் சுழலும் அச்சுக்கும் குறி டூலுக்கு உரியதுதான் என்பதால், ஏ ப்ளஸ் கொடுத்தால் ஜாப் எதிர்த்திசையில் சுழல வேண்டும். நம் முன்னால் கிடக்கும் குழாயின் மேற்பரப்பு நம்மைவிட்டு விலகித் தூண் பக்கம் உருள வேண்டும். கேம் மென்பொருளின் போஸ்ட்டும் (பாதையை இயந்திரத்துக்கேற்ற கட்டளைகளாக மாற்றும் பகுதி) அதே கணக்கில் எழுதியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. தம்பி ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைச் சக்கில் பிடித்து, எஃப்பை அதன் மேல் சுற்றி வெட்டினார். பிம்பமாக வந்தது. ஏ அச்சின் குறியை மாற்றிவிட்டு, அதே குழாயில் 30 மி.மீ. தள்ளி மறுபடி வெட்டினோம். இரண்டாவது எஃப் நேராக வந்த பிறகுதான் ஜாப்பைச் சக்கின் பக்கம் எடுத்து வந்தோம்.